சுங்கத்திடலின் தலைக்கணக்கு

எவனோ ஒருவன் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, என் தொகுதியைக் கழுத்தறுத்துப் போட்டுவிட்டான் டீச்சர். அவன் பேர் தெரியாது. மூஞ்சி தெரியாது. இந்தத் தெருவில் ஒரு நாளாவது கால் வைத்திருப்பானா? மாட்டான். வைத்திருந்தால் முழுசாகத் திரும்பிப் போயிருக்க மாட்டான். வரைபடத்தை விரித்தான், கோட்டைப் போட்டான், எழுந்து சாப்பிடப் போய்விட்டான். இன்றைக்கு வரைக்கும் ஏன் போட்டான் என்று என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் சென்சஸ் எடுக்க வந்தவர், உங்களிடம் எதற்கு இந்த ஆள் கத்துகிறான் என்று பார்க்கிறீர்கள். நீங்களும் சர்க்கார் சம்பளம், அவனும் சர்க்கார் சம்பளம். அதனால்தான். உட்காருங்கள். நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இந்தக் கதவுமேல் உட்காருங்கள். ஆமாம், கதவுதான், இரண்டு முக்காலிமேல் போட்டிருக்கிறேன். தயங்காதீர்கள், ஒரு எம்.பி.யே உட்கார்ந்து டீ குடித்த கதவு. இடிக்கிற வீட்டில் கதவு, ஜன்னல், உத்தரம் எடுத்து விற்பதுதான் எனக்குத் தொழில். கதவுக்கடை வரதப்பன் என்றால் இந்தக் கதவுக்காரத் தெருவில் மட்டுமில்லை, சுங்கத்திடல் தொகுதி முழுக்கத் தெரியும். தெரிந்திருந்தது.

ஏய் சேட்டு, ரெண்டு டீ!

உங்கள் வயசுக்கு சுங்கத்திடல் பாராளுமன்றத் தொகுதி என்று ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் அதையெல்லாம் எங்கே சொல்லித் தருகிறீர்கள்? ஐம்பத்தேழில் பிறந்தது. நான் ஐம்பத்தைந்தில். எனக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கிழக்கே துறைமுகச் சுவர், மேற்கே ரயில் பணிமனை, தெற்கே மார்க்கெட், வடக்கே வாய்க்கால். காலையில் புறப்பட்டால் சுற்றிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். அவ்வளவுதான் இடம். ஆனால் உள்ளே தலை? சீப்பு போகாத அளவுக்குத் தலை.

முதல் எம்.பி. ஒரு பாரிஸ்டர். குடை பிடிக்க ஒருத்தன், செருப்பு எடுக்க ஒருத்தன். மேடையில் ஏறி முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசுவார், ஜனம் கை தட்டும். என்ன பேசினார் என்று கேட்டால் அடிக்க வருவார்கள். இரண்டாவது ஆள் துறைமுகத் தொழிற்சங்கம். டெல்லியில் பத்து வருஷம் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை எழுந்து பேசினார், கிடங்கு எலிகளைப் பற்றி. அதற்கே ஊர்வலம் வைத்தோம். அப்புறம் ஒரு ஜவுளிக்காரர், வேட்டி கொடுத்தே ஜெயித்தார், துவைத்தால் வேட்டி பாதியாகும். இப்படி இருந்த தொகுதிக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

சொல்கிறேன். எனக்குப் படிப்பு கிடையாது. பத்து வயசிலிருந்து இந்தத் தெருவில் கதவு சுமந்தேன், உதை வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் வாயால் பேரம் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே கை கோத்து விரலைப் பிடிப்பார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு விரல் பிடித்தால் இரண்டு, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. கையை மூடி முஷ்டியாக வைத்தால் ஒன்றுமில்லை, பேச்சு முடிந்தது, எழுந்து போ. துண்டுக்குள் முதலில் எவன் கை வியர்க்கிறதோ அவன் தோற்றான். அந்தக் காலத்தில் என் கை வியர்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர.

எண்பத்து நாலில் ஒரு வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டே தெருவில் வந்தார். எல்லாரும் மாலை போட்டார்கள். நான் துண்டைப் போட்டேன். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "எங்க தெருவுல எண்ணூறு ஓட்டு. எனக்கு நாலு குழாய்" என்று நாலு விரலைப் பிடித்தேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். இரண்டு என்றார். நான் முஷ்டியை மூடினேன். நாலு குழாய் வந்தது டீச்சர், ஓட்டுக்கு முந்தின வாரமே வந்தது. அதோ நிற்கிறதே, காக்கா உட்கார்ந்திருக்கிறதே, அதில் ஒன்று. இப்போது தண்ணீர் வராது, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து எந்தக் கட்சி வந்தாலும் முதலில் என் கடை. ஒரு பைசா கையால் தொட்டதில்லை, எழுதிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மர் வாங்கினேன், ரேஷன் கடை வாங்கினேன், பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வாங்கினேன். முப்பத்தோரு பூத் என் துண்டுக்குள் இருந்தது. நான் கை காட்டினால் மழையிலும் போய்க் குத்திவிட்டு வருவார்கள்.

வாய்க்கால்கரை மட்டும்தான் முள்.

வாய்க்காலின் இந்தக் கரையில் இரண்டாயிரத்து அறுநூறு குடிசை. பதினோராயிரம் பேர். ஐந்து பூத். மீன் விற்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, தேசம்மா. மீன்காரி. நாக்கு இருக்கிறதே, அரிவாள்மணை தோற்றுவிடும்.

அவளுக்கும் எனக்கும் முதல் பழக்கமே ஒரு கதவால்தான். இரண்டாயிரத்து அறுநூறு குடிசையிலும் தகரமும் சாக்கும் தொங்கிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் மரக்கதவு வேண்டுமாம். வயசுக்கு வந்த பெண் இருக்கிறாளாம். கடைக்கு வந்து ஒரு வேப்பமரக் கதவைப் பார்த்தாள். நடுவில் தாமரை செதுக்கினது. மூன்று நாள் வந்தாள் டீச்சர். நான் சொன்ன விலைக்கெல்லாம் சிரித்தாள். மூன்றாம் நாள், "இன்னாய்யா, ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் துண்டு போடுவியா?" என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. போட்டேன். உள்ளே கையை விட்டாள். ஐஸ்கட்டி மாதிரி கை. நான் விரலைப் பிடிக்கிறேன், அவள் முஷ்டியைத் திறக்கவே இல்லை. நானும் விடவில்லை. எவ்வளவு நேரம் போச்சோ, என் கை வியர்த்துவிட்டது. "கதவுக்காரருக்கு வேர்க்குதுடீ!" என்று கத்தினாளே பார்க்கலாம், தெருவே சிரித்தது. கடைசியில் ஒரு வருஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் என்று பேசி, கதவைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனாள். மீன் சரியாகத்தான் கொடுத்தாள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு? அதை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

டீ வந்துவிட்டது. குடியுங்கள். ஆறினால் இவன் டீ கஷாயம்.

தொண்ணூற்றொன்பது தேர்தல். நம் வேட்பாளர் வக்கீல் நாகபூஷணம். பெரிய மனுஷன், வெள்ளைச் சட்டை, பூனை மாதிரி மெத்தென்ற கை. இழுபறியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். என் கடைக்கு வந்து உட்கார்ந்து, "வரதப்பா, வாய்க்கால்கரை அஞ்சு பூத்தும் வேணும்" என்றார். நான் தேசம்மாவிடம் போனேன். பத்துக் குழாய் சொன்னேன், தெருவிளக்கு சொன்னேன்.

"குழாய எங்க நடுவேன்? உங்க எம்.பி. நெனச்சா நாளைக்கே எங்களப் புடுங்கிடுவாரு. பட்டா குடு. காயிதத்துல என் பேரு, என் குடிசை நம்பரு. அப்புறம் ஓட்டு."

"அதெல்லாம் ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம் தேசம்மா."

"அப்ப ஓட்டும் ஜெயிச்சப்புறம் போட்டுக்கலாம்" என்று முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். துண்டுகூட இல்லாமல், எல்லார் எதிரிலும்.

நான் வக்கீலிடம் போய், முடிந்துவிட்டது, அஞ்சும் நமக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? ஒரு மீன்காரி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்றா சொல்ல முடியும்? கடைசியில் ஓட்டுப் பெட்டியைப் பார்த்ததும் பயந்து போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

போடவில்லை. அஞ்சு பூத்தும் அந்தப் பக்கம் போனது. வக்கீல் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தப்பித்தார். பட்டாசு வெடிக்கிறது, நான் சால்வையோடு போகிறேன். மனுஷன் சால்வையை வாங்கி என் தோளிலேயே திருப்பிப் போட்டு, "வாய்க்கால்கரைல உனக்கு ஒரு ஈ கூட பயப்படாதாமே? நீ கதவு வித்துக்கிட்டு இரு வரதப்பா" என்றார். சுற்றி நூறு பேர். நூறு பேரும் சிரித்தார்கள்.

என் கோபம் உங்களுக்குத் தெரியாது. என் பெண்டாட்டிக்குத் தெரியும், அவள் இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள், மூட்டுவலி, இங்கே மாடிப்படி ஏற முடியவில்லை. பதினாறு வருஷமாக மூட்டுவலி. அதை விடுங்கள். நான் வக்கீல் காதருகில் போய்ச் சொன்னேன்: "அந்த ஓட்டை உங்களுக்கு வாங்கித் தரலை, சரி. அந்த ஓட்டே இல்லாம பண்ணித் தர்றேன்."

வாய்க்கால் தூர்வாருகிற திட்டம் ஒன்று ரொம்ப நாளாக ஏதோ அலமாரியில் கிடந்தது. அதைத் தூசி தட்டச் சொன்னேன். ஒரு வருஷம் அலைந்தேன் டீச்சர், ஆபீஸ் ஆபீஸாக. யார் கையெழுத்து, எந்த மேஜை, யாருக்கு என்ன பிடிக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வக்கீல் மேலே பேசினார், நான் கீழே பேசினேன். இரண்டாயிரம் டிசம்பரில் உத்தரவு வந்தது. கரை ஆக்கிரமிப்பு, காலி செய், இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளி செம்மணல்மேட்டில் ஒற்றை அறை வீடு. எனக்கு என்ன பேரம் என்றால், இடிக்கிற சாமான் எல்லாம் என்னுடையது. கதவு, தகரம், கழி, எல்லாம். அது என் தொழில், அதில் தப்பில்லை.

காலை ஆறு மணிக்கு லாரி வந்தது. தூறல். அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததாம், பிள்ளைகள் யூனிபார்மோடு லாரியில் ஏறின. நான் குடை பிடித்துக்கொண்டு நின்று கதவு எண்ணிக்கொண்டிருந்தேன். சர்க்கார் ஒவ்வொரு கதவிலும் பெயிண்டில் நம்பர் போட்டிருந்ததால் எண்ணுவது சுலபம். தேசம்மா கதவு நம்பர் 1147. அதை நானே கையால் கழற்றினேன். ஆட்களை விடவில்லை.

அப்போது அவள் பெண் பூங்காவனத்துக்கு வலி எடுத்துவிட்டது. நிறைமாசம். இடிக்கிற சத்தத்தில் எடுத்ததாக அவர்கள் சொன்னார்கள். மாசம் ஆனால் வலி வராதா? சேற்றில் ஆட்டோ உள்ளே வராது. மெயின் ரோடு வரைக்கும் தூக்க வேண்டும். தேசம்மா ஓடி வந்தாள்.

"கதவுக்காரரே, அந்தக் கதவக் குடு. பொண்ணப் படுக்க வெச்சித் தூக்கணும்."

"அது கணக்குல ஏறிடிச்சி தேசம்மா."

"உன் கால்ல வுழறேன்."

விழுந்தாள். நிஜமாகவே விழுந்தாள் டீச்சர், சேற்றில். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? துண்டைப் போட்டேன். அவள் கையைப் பிடித்தேன். வியர்த்திருந்தது. மழையா வியர்வையா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியும், கையைப் பிடித்தே வாழ்ந்தவன். "என்ன குடுப்ப?" என்றேன். அவளிடம் கொடுக்க என்ன இருந்தது? ஒவ்வொரு விரலாகத் திறந்து காட்டினாள். அரை மணி நேரம் இருக்கும். பிறகு கொடுத்தேன். கொடுக்காமலா இருந்தேன்? இரக்கம் இல்லாதவனா நான்? கதவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை. அழவே இல்லையாம். அதற்கு நான் என்ன பண்ண? டாக்டரைக் கேளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் தேசம்மா வந்தாள். தலையில் கதவு. கழுவி இருந்தாள், தேய்த்துத் தேய்த்துக் கழுவினதில் 1147 பாதி போய்விட்டது. கடை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, "உன் கதவு" என்றாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

அது போகட்டும். தொகுதிக்கு வருவோம்.

இரண்டு மாசம் கழித்து சென்சஸ் வந்தது. உங்களை மாதிரியே ஒரு டீச்சர், பூப்போட்ட குடை, கையில் பெரிய அட்டை. செம்மணல்மேட்டில் பஸ் இல்லை, வேலை இல்லை என்று அதற்குள் முந்நூறு நானூறு குடும்பம் திரும்பி வந்து, மேம்பாலத்துக்குக் கீழேயும் ரயில்வே சுவர் ஓரமாகவும் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த டீச்சர் இதே கடை வாசலில் நின்று, "வாய்க்கால்கரையில எத்தனை பேர் சார் இருக்காங்க? பாலத்துக்குக் கீழ ஆள் நடமாட்டம் தெரியுதே?" என்று கேட்டது. நான் கையைத் தூக்கி முஷ்டியை மூடிக் காட்டினேன். "ஒண்ணும் கிடையாது டீச்சர். அதெல்லாம் வந்து போற கூட்டம். அவங்க செம்மணல்மேடு. அங்க எழுதிப்பாங்க." அந்தப் பொம்பளைக்கும் சாக்கடையில் இறங்க இஷ்டமில்லை. பூஜ்யம் போட்டுக்கொண்டு போய்விட்டது. செம்மணல்மேட்டில் எழுதப் போனவர்கள், வீடு பூட்டியிருந்தது என்று சொல்லி, அங்கேயும் எழுதவில்லையாம். எனக்குச் சிரிப்பு. பதினோராயிரம் பேரையும் ஒரு கைமூடலில் ஊதிவிட்டேன் பாருங்கள்.

இரண்டாயிரத்து நாலில் வக்கீல் நாலாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்த கையோடு நேராக என் கடைக்கு வந்தார். இருந்த தேக்குக் கதவை அப்போதுதான் விற்றிருந்தேன், அவசரத்துக்கு இந்தக் கதவைப் போட்டு உட்கார வைத்தேன். டீ குடித்தார். "வரதப்பா, நீ இல்லாம சுங்கத்திடல் இல்லை" என்றார். என் காதால் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு எல்லாம் தகும்.

அப்புறம்தான் அந்தப் பென்சில்காரன் வந்தான்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் காலை பேப்பரில் பார்த்தால் சுங்கத்திடல் இல்லை. ஐம்பது வருஷத்துத் தொகுதி. மூன்றாகக் கிழித்து அக்கம்பக்கத்தில் ஒட்டிவிட்டான். கோடு எங்கே போகிறது தெரியுமா? இதோ, இந்தத் தெரு நடுவில். என் கடை வடக்குத் தொகுதி, எதிரே சேட்டு டீக்கடை தெற்குத் தொகுதி. டீ வாங்கத் தொகுதி தாண்டிப் போக வேண்டும். என்ன காரணம் என்று ஆபீஸில் போய்க் கேட்டேன். மேஜையைத் தட்டித்தான் கேட்டேன். ஒரு கண்ணாடிக்காரன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். "ரெண்டாயிரத்து ஒண்ணு சென்சஸ்படி தலை கொறைஞ்சு போச்சுங்க பெரியவரே. இவ்வளவு ஜனத்துக்குத் தனித் தொகுதி கிடையாது. பக்கத்துத் தொகுதிங்க பெருத்துப் போச்சு, அங்க சேர்த்துட்டோம்." தலை குறைந்ததாம்! சீப்பு போகாத தொகுதி டீச்சர் இது! எவன் எண்ணினான்? எப்படி எண்ணினான்?

வக்கீலுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவர் மேல்சபைக்கு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டார். நேரில் போனால் வாசலில் இருந்த பையன், "சார் மீட்டிங்ல இருக்காரு, நீங்க எந்தத் தொகுதி?" என்றான். எந்தத் தொகுதி என்று என்னையே கேட்டான்.

போன தேர்தலில் இரண்டு டீ சொல்லி வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். வேட்பாளர் ஜீப் வந்தது. அந்த ஆள் எதிர்ப்பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போய்விட்டான். எதிர்ப்பக்கம் அவன் தொகுதியே இல்லை, அதுகூடத் தெரியவில்லை. பின்னாடியே இரண்டு பையன்கள் செல்போனைத் தடவிக்கொண்டு வந்தார்கள். "தாத்தா, உங்க வீட்ல எத்தினி ஓட்டு?" முப்பத்தோரு பூத் வைத்திருந்தவன் நான். "ஒண்ணு" என்றேன். "ஒண்ணா? சரி" என்று போய்விட்டார்கள். நின்று கேட்கக்கூட இல்லை.

இப்போது புதுசாக எண்ணப் போகிறார்கள், அதை வைத்து மறுபடியும் கோடு போடுவார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். தலை குறைந்ததால் போன தொகுதி, தலை ஏறினால் திரும்பி வருமா வராதா? வந்தே தீரும். தலைக்கு எங்கே போவது? யோசித்தேன். செம்மணல்மேடு.

போன மாசம் போனேன். மூன்று பஸ் மாறி. சுவரெல்லாம் ஊறி, மாடிப்படியெல்லாம் நாற்றம். தேசம்மா இருக்கிறாள், கிழவியாகிவிட்டாள், படிக்கட்டுக்குக் கீழே மீன் விற்கிறாள். பக்கத்தில் பூங்காவனம் மீன் அரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் அதற்குப் பிள்ளை இல்லையாம். என்னைப் பார்த்தது. மறுபடியும் மீனைப் பார்த்தது.

"இன்னாய்யா கதவுக்காரரே, வழி தெரிஞ்சுதா?" என்றாள் கிழவி. "பஸ்லயா வந்த? நாங்க லாரில வந்தோம்."

பழசையெல்லாம் எடுக்காதே என்றேன். விஷயத்தைச் சொன்னேன். சென்சஸ் வரும்போது வாய்க்கால்கரைக்கு வந்து ஒரு மாசம் இருங்கள், எல்லாரும், பேர் கொடுங்கள். தார்ப்பாய் நான் தருகிறேன், தண்ணீர் லாரி நான் தருகிறேன், மூன்று வேளைச் சோறு போடுகிறேன். தொகுதி திரும்பி வந்துவிட்டால் பட்டாவுக்கும் பேசுகிறேன்.

"எத்தினி தலை வோணும் உனக்கு?"

"பதினோராயிரம்."

சிரித்தாள். அதே சிரிப்பு. "துண்டைப் போடு" என்றாள்.

போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன், பேரத்துக்கு வந்துவிட்டாள் என்று. செதில் ஒட்டின கை. மூடியிருந்தது. நான் ஒரு விரலைத் தேடினேன், திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டே போனேன். திறக்கவில்லை. எழுபது வயசுக்கு மேல் ஆன கிழவி டீச்சர், கல் மாதிரி வைத்திருந்தாள். என் கைதான் நனைந்தது.

அப்புறம் அவள் சொன்னாள்: "அந்தப் பூப்போட்ட கொடை டீச்சரு உன்னாண்ட எத்தினி பேருன்னு கேட்டப்ப, நான் பின்னாடி மீன் கூடையோட நின்னுக்கினு இருந்தேன்யா. நீ கைய மூடிக் காட்டின. நான் என்னையே பாத்துக்கினேன், நெஜமா நான் கீறேனா இல்லியான்னு. நீதானய்யா எங்கள இல்லேன்ன. இல்லாதவங்க எப்பிடி வருவாங்க? உன் தொகுதிய எவனும் அழிக்கல. நீ மூடின கைக்குள்ளதான் கீது, தொறந்து பாரு."

எப்படி இருக்கிறது பேச்சு? இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் அனுப்பினது ஐந்து பூத் ஓட்டை. அவன் அழித்தது முழுத் தொகுதியை. மீன்காரிக்கு என்ன தெரியும் கணக்கு? எழுந்து வந்துவிட்டேன். வரும்போது பூங்காவனம் மட்டும் கேட்டது, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் குரலைக் கேட்டேன். "எங்க கதவு இன்னும் கீதா?"

இருக்கிறது என்றேன். பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். நல்ல வார்த்தைதானே சொன்னேன்?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீயைக் குடித்து முடியுங்கள். ஆமாம், இந்தக் கதவுதான். தாமரைமேல்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கழுவின கதவு டீச்சர், ஒன்றும் ஒட்டாது. இருபது வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் உட்கார்ந்தாகிவிட்டது. விலைக்குக் கேட்டார்கள், கொடுக்க மனசு வரவில்லை.

சரி, வந்த வேலையைப் பாருங்கள். குடும்பத் தலைவர் வரதப்பன். மொத்தம் எத்தனை பேர் என்றுதானே அந்தச் செல்போனில் கேட்கிறது? இருங்கள். ஒன்று என்று அடிக்காதீர்கள். விரலை எடுங்கள் அதிலிருந்து. உள்ளே கொல்லைக்கு வாருங்கள். வந்து பாருங்கள், தார்ப்பாய்க்குக் கீழே. நாற்பத்திரண்டு கதவு, விற்காமல் கிடக்கிறது. இதையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று. தகரக் கதவு, பெட்டிப் பலகைக் கதவு, ஒவ்வொன்றிலும் சர்க்கார் பெயிண்டில் சர்க்கார் போட்ட நம்பர் இருக்கிறது. நம்பர் இருந்தால் வீடு, வீடு இருந்தால் ஆள். கதவுக்கு ஐந்து பேர் என்று போடுங்கள். அடுத்த தெருவில் உங்கள் கூட எடுக்கிற டீச்சரையும் கூப்பிடுங்கள், அங்கேயும் ஏற்றச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு டீச்சர் இதே வாசலில் நான் சொன்னதை நம்பி எழுதிக்கொண்டு போனது. நீங்கள் மட்டும் ஏன் எழுத மாட்டீர்கள்?

செல்போனைப் பைக்குள் ஏன் போடுகிறீர்கள்?

போங்கள். போய் உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள், அவன் அவனுக்கு மேலே இருக்கிறவனிடம் சொல்லட்டும், எவன் அந்தக் கோட்டைப் போட்டானோ அவன் காது வரைக்கும் போகட்டும். கதவுக்கடை வரதப்பன் கூப்பிட்டான் என்று சொல்லுங்கள். ரப்பரை எடுத்துக்கொண்டு வரட்டும். இந்தக் கதவுமேல் உட்காரட்டும், துண்டுக்குள் கையை விடட்டும், என் கண்ணைப் பார்த்து ஏன் போட்டேன் என்று சொல்லட்டும். சொல்லிவிட்டு, கெடுத்தவன் எவனோ அவனே தன் கையால் அதைச் சரிசெய்துவிட்டுப் போகட்டும். அது வரைக்கும் நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.